நான் தலைமறைவாக இருந்த பன்னிரண்டு ஆண்டுகள்

காவல் துறையின் பதிவேட்டின்படி நான் பன்னிரண்டு ஆண்டுகள் தலைமறைவாக இருந்தேன். அவற்றில் ஒன்பது ஆண்டுகள் அரசாங்கமே எனக்குச் சீருடையும் துப்பாக்கியும் கொடுத்து, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வரிசையில் நிறுத்தி, ஆள் இருக்கிறேனா என்று எண்ணிப் பார்த்தது. மீதி மூன்று ஆண்டுகள் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் வாசலில், வருகிற போகிற லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்படி நின்றுகொண்டிருந்தேன்.

பட்டாளத்தில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு நாளைக்கு நான்கு வரி. எங்கே இருந்தேன், என்ன வேலை, என்ன படித்தேன், யாருக்குக் கடிதம் போட்டேன். இந்த விவகாரத்தின் ஒவ்வொரு நாளும் அதில் இருக்கிறது. ஆனாலும் இங்கே தேதிகளை எழுதப்போவதில்லை. தேதியைச் சொன்னால் வழக்கைத் தேடி எடுக்கலாம். வழக்கை எடுத்தால் பெயர்கள் கிடைத்துவிடும். நீதிமன்றத்தில் கேட்டபோதே நான் கொடுக்காத பெயர்கள் அவை. கிழமைகளைச் சொல்கிறேன், அது போதும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம். ஓசூரில் ஒரு வங்கிக் கிளைக்கு ஆயுதக் காவலர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேலாளர் என் பணி விடுவிப்புப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. துப்பாக்கி சொந்தமா வச்சிருக்கீங்களா?"

"இல்லை சார்."

"அதுதான் முக்கியம். லைசென்ஸ் எடுத்து, ஒரு டபுள் பேரல் வாங்கிட்டு வாங்க. மூணு மாசம் வேற யாரையும் போடாம பாத்துக்கறேன்."

எங்கள் பக்கத்தில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் பலர் இப்படித்தான் வேலைக்குப் போகிறார்கள். வங்கி ஆளையும் துப்பாக்கியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். துப்பாக்கி இல்லாதவனுக்குத் தொழிற்சாலை வாசலில் ஒரு விசிலும் ஒரு பிரம்பும். எனக்கு அந்த வாசல் அலுத்துப்போயிருந்தது. வாரத்துக்கு ஒரு முறை ஷிப்ட் மாறும். மகளை அவள் விழித்திருக்கும்போது பார்ப்பதே அரிது. வங்கி வேலை பகல் வேலை. அவள் பள்ளிக்கூடத்துக்கு எதிர்த் தெருவில் இருந்தது.

குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் இன்னும் ஊரில்தான் இருந்தன. எங்கள் ஊர் வேப்பனப்பள்ளிக்கு அப்பால், ஆந்திர எல்லைக்கு முன்னால். ஆகவே கிருஷ்ணகிரிக்குப் போய் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். மாவட்டம் பிரிந்து வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. மாம்பழக் காலம், கூழ் ஆலைகளின் வாசனை பேருந்து நிலையம் வரை வந்தது. வட்டாட்சியர் அறிக்கை சாதகமாகப் போனது என்று தெரிந்தது. பட்டாளத்தில் இருந்தவனுக்குக் காவல் துறை என்ன சொல்லிவிடப் போகிறது என்று சேலத்துக் கடையில் ஒரு துப்பாக்கியைக்கூடப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் உரிமம் தமிழ்நாட்டுக்குள் மட்டுமே செல்லும் என்பதால் சேலம்.

ஏழாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, பதில் வந்தது. காவல் துறை அறிக்கை சாதகமாக இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான். என்ன அறிக்கை, எதில் சாதகமில்லை, ஒரு சொல் கிடையாது.

புதிய சட்டத்தின் தமிழ்ப் பிரதியை நூலகத்தில் உட்கார்ந்து முழுதாகப் படித்துவிட்டு, அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு மனுப் போட்டேன். முப்பது நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். முப்பதாவது நாள் தபாலில் தந்தார்கள்.

நகலில் இருந்தது இது: சட்டவிரோதமாகக் கூடியது, பொதுச் சாலையை மறித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஏழு பேர். அதில் நான் இரண்டாமவன். அப்பா பெயர் சரி, கதவு எண் சரி. என் பெயருக்கு எதிரே, "தலைமறைவு. பிடியாணை நிலுவை."

அடுத்த செவ்வாய்க்கிழமை காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே பதிவேடுகளை வைத்துப் பராமரிக்கிற ஏட்டை எல்லோரும் ரைட்டர் என்பார்கள். மதுரைப் பக்கத்துக்காரர், மேசையில் திருநீற்றுப் பொட்டலமும் நான்கு நிறப் பேனாக்களும் வைத்திருந்தார். நகலைப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மிலிட்டரி, பன்னெண்டு வருசமா உம்மைத் தேடிக்கிட்டு இருக்கோம். நீரா நடந்து வந்து நிக்கிறீரு."

"தேடினீங்களா? எங்கே தேடினீங்க?"

"ஊருக்கு மூணு தடவை ஆள் போயிருக்கு. 'ஆள் ஊரில் இல்லை'ன்னு எழுதி வாங்கிட்டு வந்திருக்காங்க. பாரும், உங்க அண்ணன் கையெழுத்து."

"உண்மைதான். நான் ஊரில் இல்லை. ராஜஸ்தானில் இருந்தேன், இந்திய ராணுவத்தில்."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆள் இல்லைன்னா தலைமறைவு. வேற கட்டம் இதுல கெடையாது."

மறியல் நடந்த வியாழக்கிழமையை அவரே படித்துக் காட்டினார். குடிநீர் கேட்டு, காலிக் குடங்களோடு, மூன்று மணி நேரம். அந்த மாதம் நான் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன் என்பது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அவர் அதையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"அந்த மாசம் நீரு லீவுல வந்திருக்கீரு. லைசென்ஸ் ரிப்போர்ட்டுக்காக இப்ப ஊருக்குள்ள விசாரிச்சாச்சு. இல்லைங்கிறீரா?"

"வந்தேன். அதற்கு முந்தின சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்."

"ரெக்கார்டு இருக்கா?"

"நாட்குறிப்பு இருக்கு."

சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு இல்லை. "உம்ம டைரில நீரு என்ன வேணா எழுதலாம்யா. வாரண்ட்டு இருக்கு, நீரா வந்ததால உள்ள போடல. நான் ஒரு வழி சொல்றேன் கேளும். கோர்ட்டுக்குப் போயி, ஆமாய்யா மறிச்சேன், தண்ணி இல்லாம மறிச்சேன்னு சொல்லும். சின்னதா ஒரு அபராதம். மத்தியானத்துக்குள்ள கேஸ் குளோஸ். அடுத்த மாசம் நானே உமக்கு நல்ல ரிப்போர்ட் எழுதுறேன். எல்லாரும் இப்படித்தான் முடிக்கிறாங்க."

"நான் மறிக்கவில்லையே."

"யாருய்யா மறிச்சது மறிக்கலைன்னு பாக்கப்போறா? துப்பாக்கி வேணுமா, வீராப்பு வேணுமா?"

"இரண்டும் வேணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நாட்குறிப்பில் அன்றைய நான்கு வரியில் ஒரு வரி இதுதான்.

அங்கிருந்து நேராக ஊருக்குப் போனேன். என் அண்ணன் ரேஷன் கடையில் விற்பனையாளர். கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். நகலை அவர் முன் நீட்டினேன். படித்தவர், சாவியைச் சட்டைப் பையில் போட்டார், பிறகு எடுத்தார், பிறகு மறுபடி போட்டார்.

"இது இன்னுமாடா இருக்குது?"

"என் பேர் எப்படிண்ணா இதில் வந்தது?"

"நாந்தான் எழுதனேன்."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ கெளம்புனது சனிக்கெழமை. வியாழக்கெழமை மறியல். எஸ்ஐ வந்தாரு. நல்ல மனுசன்தான். 'தண்ணி டேங்கர் சாயங்காலம் வரும், ரோட்ட உடுங்க. ஆனா நான் மேல கணக்கு காட்டணும், ஏழு பேரக் குடுங்க'ன்னாரு. எப்பவும் அப்பிடித்தான். கேக்கறதும் குடுக்கறதும் வழக்கம். அந்த வருசம் நாலு பசங்க போலீஸ் செலக்சனுக்கு எழுதியிருந்தானுங்கோ. எனக்கு இந்தக் கடை வேலை வர்ற மாதிரி இருந்திச்சு. யாரு பேரக் குடுக்கறது? ஊருல இல்லாதவன் பேரக் குடுத்துட்டா எவனுக்கும் தொந்தரவு இல்லன்னு மொத்தமா பேசி முடிவு பண்ணோம். என் கையெழுத்து நல்லா இருக்கும்னு என்ன எழுதச் சொன்னாங்கோ."

"மீதி ஆறு பேர்?"

"ரெண்டு பேரு பெங்களூர் கல் குவாரிக்குப் போனவங்கோ. மூணு பேரு ஆந்திராவுல குப்பத்துப் பக்கம் குடி போயிட்டாங்கோ. லிஸ்ட்ல நாலாவது ஆளு..." பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். "செத்துப்போயி ரெண்டு வருசம் ஆயிருந்திச்சு."

"செத்தவர் பேரையா கொடுத்தீங்க?"

"அவரப் புடிக்க முடியாது இல்ல? உன்ன மட்டும் புடிக்க முடியுமா? ராஜஸ்தான்ல துப்பாக்கியோட நிக்கறவன எந்தப் போலீஸ்டா வந்து புடிக்கும்? உன் பேருதான் இருக்கறதுலயே பத்திரமான பேருன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்த வேகத்தில் சிரிப்பும் வந்தது. நான் போய் நின்றிருந்த இடத்தில் வாரத்துக்கு இரண்டு முறைதான் தண்ணீர் லாரி வரும். அந்தப் பாலைவனத்தில் ஒரு வாளித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தவனை, எங்கள் ஊரின் தண்ணீருக்காகச் சாலையை மறித்தவனாக எழுதியிருக்கிறார்கள்.

"டேங்கர் வந்ததா?"

"அன்னிக்கே வந்திச்சு. அடுத்த மாசம் போர் போட்டாங்கோ. நீ லீவுல வந்தப்பல்லாம் குளிச்சது அந்தத் தண்ணிதான்." பிறகு அண்ணன் குரல் இறங்கியது. "நான் போயி சொல்லிடறேன்டா. நாந்தான் எழுதனேன், தம்பி ஊருல இல்லன்னு."

அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்பது இருவருக்குமே தெரியும். காவல் துறைக்குப் பொய்த் தகவல் கொடுத்ததற்கு ஒரு வழக்கு, ரேஷன் கடை வேலை அன்றே போய்விடும், அவரோடு உட்கார்ந்து முடிவு செய்த அத்தனை பேரும் ஒவ்வொருவராக உள்ளே இழுக்கப்படுவார்கள். அவர்களில் இரண்டு பேர் இப்போது காவலர்களாகவே இருந்தார்கள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் அங்கே இல்லை என்பதை மட்டும் நான் நிரூபிக்கிறேன். யார் இருந்தார்கள் என்பது என் வேலை இல்லை" என்றேன்.

அபராதத்தைக் கட்டியிருந்தால் இரண்டு சிக்கலும் ஒரே மத்தியானத்தில் முடிந்திருக்கும். அண்ணனும் தப்பியிருப்பார், துப்பாக்கியும் கிடைத்திருக்கும். ரைட்டர் சொன்னது தவறான கணக்கு இல்லை. ஆனால் செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று நான் கையெழுத்துப் போட்டால், அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் என் சம்மதத்தோடு தலைமறைவு ஆகிவிடும். தினமும் இரண்டு முறை என்னை எண்ணிய அத்தனை ஹவில்தார்களையும் நான் பொய்யர்கள் ஆக்க வேண்டும். அதற்கு நான் தயாராக இல்லை.

ராணுவ ஆவண அலுவலகத்துக்கு எழுதினேன். விடுமுறைக்குப் போவதும் திரும்பி வந்து சேர்வதும் பட்டாளத்தில் ஆணையாகப் பதிவாகும். அந்தக் குறிப்பிட்ட ஆணையின் நகல் வேண்டும் என்று கேட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, சரியான அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில். மூன்றாவதை நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து இணைத்து அனுப்பினேன்: "செவ்வாய். மாலை நான்கரைக்கு யூனிட்டில் ஆஜர். மணல் காற்று. படிக்க முடியவில்லை."

இதற்குள் வங்கி மேலாளரின் மூன்று மாதம் முடிந்தது. அவர் நல்லவர், இன்னும் இரண்டு மாதம் பொறுத்தார். அதற்குப் பிறகு சாமல்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் சொந்தத் துப்பாக்கியோடு வந்து சேர்ந்தார். நான் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, எதிர்த் தெருவில் அவர் கால்களை அகட்டி நிற்பது தெரியும். என் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார். என் மனைவி, "இனிமே எதுக்கு இந்த அலைச்சல்? வேலைதான் போயிடுச்சே" என்றாள்.

"வேலை போச்சு. பேர் இன்னும் அங்கேயே இருக்கு" என்றேன்.

மூன்றாவது கடிதம் போட்டு ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை ஆவண அலுவலகத்தின் உறை வந்தது. இரண்டு தாள். சனிக்கிழமை ஊரிலிருந்து புறப்பாடு, செவ்வாய்க்கிழமை யூனிட்டில் ஆஜர். நேரம்கூட இருந்தது, நான்கரை. என் கையெழுத்தில் இருந்த அதே நான்கரை, வேறொருவர் தட்டச்சில்.

வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை நீதிமன்றத்துக்குப் போய், தலைமறைவாக இருப்பதாகச் சொல்லப்படுபவன் ஆஜராகிறேன் என்று மனுக் கொடுத்தேன். பிடியாணையை ரத்து செய்ய இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார்கள். ஒருவர் என் தொழிற்சாலை மேற்பார்வையாளர். இன்னொருவர் என் அண்ணன். நான் வேண்டாம் என்றும் அவர் கேட்கவில்லை.

ஜாமீன் பத்திரத்தில் அவர் தன் பெயரையும் முகவரியையும் எழுதினார். அழகான, வட்டமான எழுத்து. அதை எடுத்துக்கொண்டு போன எழுத்தர் வழக்குக் கட்டின் மேல் வைத்தார். கட்டின் முதல் தாளே அந்த ஏழு பேர் பட்டியல். அதே வட்டம், அதே சாய்வு, அதே பச்சை மை. இரண்டு தாளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அண்ணன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் பொட்டலம் கட்டுகிறவரைப் போலக் கட்டை மடித்துக் கயிறு கட்டிவிட்டுப் போனார்.

விசாரணை ஒரு புதன்கிழமை. நடுவர் இளையவர். ஆணையின் நகலை இரண்டு முறை படித்தார். அரசு உதவி வழக்குரைஞர் எழுந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, மனுதாரர் அந்த இடத்தில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அங்கே இருந்தவர்கள் யார்? இவர் பெயரைக் கொடுத்தது யார்? அதை இவர் இந்த நீதிமன்றத்துக்குச் சொல்லட்டும்."

நடுவர் என்னைப் பார்த்தார். பின்வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும், திரும்பவில்லை.

"ஐயா, மறியலன்று நான் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தேன். அங்கே யார் இருந்தார்கள் என்று நான் சொன்னால், நானும் அங்கே இருந்தேன் என்று ஆகிவிடும்."

"கேள்விப்பட்டிருப்பீர்களே" என்றார் வழக்குரைஞர்.

"கேள்விப்பட்டதை எழுதித்தான் ஐயா நான் பன்னிரண்டு வருடம் தலைமறைவு. அதே தவறை இன்னொருவருக்கு நான் செய்ய மாட்டேன். நீதிமன்றம் இதற்காக என்னைத் தண்டித்தாலும் பதில் இதுதான்."

நடுவர் பட்டியலைப் பார்த்து, "மற்ற ஆறு பேரும் தலைமறைவு என்றுதான் போட்டிருக்கிறது. நாலாமவர் பெயருக்கு எதிரே ஏதோ குறிப்பு இருக்கிறதே?" என்று கேட்டார்.

நீதிமன்ற எழுத்தர் தாளைப் புரட்டினார். "இறப்புச் சான்று ஒண்ணு போன வருசம் கட்டுல சேர்ந்திருக்குங்கய்யா. மறியலுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே இறந்திருக்காரு."

"இறந்த பிறகு வந்து மறியல் செய்திருக்கிறார்" என்றார் நடுவர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். நீதிமன்றம் சிரித்தது. காவல் நிலையத்திலிருந்து வந்திருந்த ரைட்டரும் சிரித்தார். நடுவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "இப்படி ஒரு பட்டியலை விசாரிக்காமல் பன்னிரண்டு வருடம் வைத்திருந்ததற்குக் காவல் நிலையம்தான் பதில் சொல்ல வேண்டும், மனுதாரர் அல்ல" என்றார். என்னை வழக்கிலிருந்து விடுவித்தார். இறந்தவர் மீதான வழக்கு அற்றுப்போனதாகப் பதிவு செய்யச் சொன்னார். மற்ற ஐவரைப் பற்றிக் காவல் துறை இரண்டு மாதத்தில் அறிக்கை தர வேண்டும் என்றார். அந்த அறிக்கை, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று வந்து முடிந்ததாகப் பிறகு தெரிந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணன் தேநீர் வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்த பிறகு, "இனிமே எவன் பேரு கேட்டாலும் என் பேர எழுதறேன்டா" என்றார்.

"எழுதாதீங்க. அதுவும் பொய்யாக இருந்தால்?"

"உனக்கு ஒரு பதில்ல திருப்தியே ஆவாதாடா?"

தீர்ப்பு நகலோடு மூன்று முறை காவல் நிலையம் போனேன். பதிவேடு மேலிடத்தில் இருக்கிறது என்றார்கள், ரைட்டர் பாதுகாப்புப் பணியில் இருக்கிறார் என்றார்கள். மூன்றாவது முறை பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து புத்தகம் எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். தடிமனான புத்தகம். ரைட்டர் அதன் கனத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்துபோய்ப் பதிவேட்டை எடுத்து வந்தார். சிவப்புப் பேனாவால் "தலைமறைவு" என்ற சொல்லின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் நீதிமன்ற உத்தரவின் எண்ணை எழுதினார். அவர் எழுதுவதை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, தலைகீழாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

உரிமம் வர மேலும் நான்கு மாதம் ஆனது. துப்பாக்கியைச் சேலத்தில் வாங்கி, எண்ணைப் பதிவு செய்துகொண்டேன். முன்பு பார்த்து வைத்தது விற்றுப்போயிருந்தது; இது கொஞ்சம் பழையது, கட்டையில் ஒரு கீறல் இருந்தது. கிருஷ்ணகிரியில் நகைக்கடன் கொடுக்கிற ஒரு கிளையில் வேலை கிடைத்தது. மகளின் பள்ளிக்கு எதிர்த் தெரு இல்லை. தினமும் சூளகிரி வழியாகப் பேருந்தில் போய் வர வேண்டும். ஆனாலும் பகல் வேலை.

அதற்குப் பின் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்தவுடன் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அதே நிலையம், அதே மேசை, தலை நரைத்த அதே ரைட்டர். துப்பாக்கி எண்ணைச் சரிபார்த்து, ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அதை வாங்கி அங்கேயே நின்று முதல் வரியிலிருந்து படித்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"என்ன மிலிட்டரி, இன்னும் எங்களை நம்பலையா?"

"இல்லை ஏட்டையா."

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"பேர் சரி. அப்பா பேர் சரி. எண் சரி." ரசீதை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "தேதி போடலை."

அவர் பேனாவை எடுத்து, சுவரில் இருந்த நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்து, தேதியைப் போட்டார்.